மேடு பார்த்து நின்ற வண்டி

அந்தத் தெருவில் யாருடைய வண்டிக்கு என்ன வந்தாலும் டாக்டரிடம்தான் ஓடுவார்கள். டாக்டர் என்றால் ஆஸ்பத்திரி டாக்டர் இல்லை, மெக்கானிக். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். கண்ணைத் திறக்கும்போது நோய் இன்னதென்று சொல்லிவிடுவார். எவனோ ஒரு குறும்புக்காரன் வைத்த பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது. அவரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

அப்பேர்ப்பட்ட டாக்டரின் சொந்த வண்டி, இந்தக் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து வாரத்தில் பாதி நாள் காலையில் கிளம்பமாட்டேன் என்று சண்டித்தனம் செய்தது. பழைய டீசல் கார். அதை ஓட்டுகிறவள் அவர் மனைவி, தெருவுக்கு டிரைவரம்மா. கீழே குடியிருப்பில் இருக்கும் நர்சுகளை ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் காலை ஷிப்டுக்கு விடுவது அவள் வேலை. மழையோ பனிமூட்டமோ, ஒரு நாள் தவறியவள் இல்லை. அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் அவள் ஓட்டுவதைப் பார்த்து பஸ் டிரைவர்களே ஒதுங்கி வழி விட்டுக் கையசைப்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், சும்மா வந்ததில்லை அது.

அன்றும் அப்படித்தான். இன்னும் சரியாக விடியவில்லை. தெரு முழுக்கப் பனி. சாவியைப் பாதி திருப்பி, டீசல் பற்றுவதற்காக எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் விளக்கு அணையும்வரை காத்திருந்து, முழுசாகத் திருப்பினாள். செல்ஃப் மோட்டார் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றியது. எஞ்சின் ஒன்றிரண்டு முறை செருமியது, அவ்வளவுதான். மறுபடி திருப்பினாள். பின்னால் வெள்ளையாய்ப் புகை வந்தது, வண்டி வரவில்லை.

எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு வெளியே வந்தார். அவர் பின்னாலேயே கடையில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆள், பக்கத்து வீட்டு வாட்ச்மேன். யாரும் யாரையும் கூப்பிடத் தேவையில்லாத அளவுக்கு அது வழக்கமாகிவிட்டிருந்தது.

"ஹேண்ட் பிரேக்கை விடுங்க டிரைவரம்மா. நாங்க பிடிச்சுக்கறோம்."

வண்டி மேட்டைப் பார்த்து நின்றது. அதனால் பின்பக்கமாகவே இறக்கத்தில் உருட்டி, ரிவர்ஸில் போட்டு, கிளட்சை விட வேண்டும். தெரு அடியிலிருக்கும் குழாயடி வரை உருண்டது. அங்கே சமதரையில் மூன்று பேரும் தம் பிடித்துத் தள்ளினார்கள். கடைசியில் ஒரு உதறு உதறிக்கொண்டு எஞ்சின் பற்றியது. எழுந்த புகையில் தள்ளியவர்கள் மூவரும் காணாமல் போனார்கள்.

"டாக்டர் எழுந்துட்டாரா?" என்று புகைக்குள்ளிருந்து வாட்ச்மேன் கேட்டார்.

"எழுந்துட்டார். ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டு நிக்கறார்."

"வெளியில வரலையா?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வருவார்?" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மேலே பார்க்காமல் கியரைப் போட்டாள்.

குடியிருப்பு வாசலில் நர்சுகள் கம்பளிக்குள் சுருண்டு நின்றார்கள். பெரிய சிஸ்டர் முன்சீட்டில் ஏறினார். மற்ற மூவரும் பின்னால். வண்டிக்குள்ளும் வெளியிலும் ஒரே குளிர்தான். கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்துகொண்டே வந்தது. அதைத் துணியால் துடைத்துக்கொண்டே வருவதற்கென்று பின்சீட்டில் நடுவில் உட்காரும் குட்டி சிஸ்டருக்கு வேலை ஒதுக்கியிருந்தார்கள்.

"அக்கா, ஹீட்டரைப் போடுங்களேன்."

"போட்டுத்தான் இருக்கு."

"அப்ப இது ஃபிரிட்ஜுன்னு சொல்லுங்க. மருந்தெல்லாம் இதுலயே வெச்சுக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "முள்ளைப் பாருங்க," என்று டேஷ்போர்டைக் காட்டினாள். வெப்பம் காட்டும் முள் அடியிலேயே படுத்திருந்தது. "எவ்வளவு ஏத்தம் ஏறினாலும் அசையாது. எங்க வீட்டுக்காரர் கைவேலை. மத்த வண்டியெல்லாம் வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கும்."

பெரிய சிஸ்டர் சிரிக்கவில்லை. கையுறை போட்ட கைகளை மடியில் கோத்துக்கொண்டார்.

"உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்லம்மா," என்றார் பிறகு. "இந்தப் பாதையில உன்னை மாதிரி ஓட்ட ஆள் கிடையாது. ஆனா நான் வார்டுக்குள்ள போய் நின்னாத்தான் ராத்திரி முழுக்க நின்னவ வீட்டுக்குப் போக முடியும். நேத்து நான் லேட்டாப் போனப்ப அவ ஒரு வார்த்தை சொல்லல. பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. திட்டியிருந்தாக்கூடத் தேவலாம்னு இருந்துச்சு."

"புரியுது சிஸ்டர்."

"இந்த வாரம் பாக்கறேன். திங்கக்கிழமையும் இப்படின்னா வேன்காரர்கிட்ட சொல்லிடறேன். தப்பா நெனைக்காத."

தப்பாக நினைக்கவில்லை. ஆனால் வலித்தது. வேன்காரர் வளைவில் எதிர் வண்டி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற ஆள். அவர் வண்டியில் இவர்கள் போகிறதை நினைத்தபோது, சம்பாத்தியம் போகிற கவலையைவிட அந்த அவமானம்தான் பெரிதாகப் பட்டது.

மெக்கானிக் ஷெட் தெரு முடிவில், சமதரையில் இருந்தது. உள்ளே கழிவு எண்ணெயில் எரியும் அடுப்பு ஒன்று எப்போதும் கனன்றுகொண்டிருக்கும். அவள் வண்டியை உள்ளே விட்டதும் டாக்டர் எஞ்சினை அணைக்கச் சொன்னார். மறுபடி போடச் சொன்னார். சாவியைத் தொட்டவுடன் ஓடியது. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் ஓடிப்போகிற குழந்தை மாதிரி.

"பாரு. இப்ப ஓடுது," என்றார், ஏதோ அவள் பொய் சொன்னது போல.

"இப்ப ஓடும். காலையில ஓடணுமே."

"ஹீட்டர் பிளக் எல்லாம் புதுசு. பேட்டரி புதுசு. செல்ஃபைப் பிரிச்சு மாட்டியாச்சு." அவர் அடுப்பில் கையைக் காட்டினார். "அப்புறம் என்ன? வயசாச்சு. கம்ப்ரஷன் போயிடுச்சு. சூடும் ஏற மாட்டேங்குது, ஸ்டார்ட்டும் ஆக மாட்டேங்குது, ரெண்டுக்கும் அதான் காரணம். ஞாயித்துக்கிழமை எஞ்சினைக் கீழ இறக்கிடறேன்."

"இறக்கினா எப்ப ஏத்துவீங்க?"

"சாமான் வரணும், கடைசலுக்குக் கொடுக்கணும். ஆகும்."

"திங்கக்கிழமை நர்சுங்களை நான் தோள்ல தூக்கிட்டுப் போறதா?"

வேறு யாரிடமாவது ஒரு தடவை காட்டலாமே என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அதைச் சொன்னால் அந்த மனுஷர் சாப்பிடமாட்டார் என்று தெரியும்.

அந்த வண்டிக்கும் அவர்களுக்கும் ஒரு கதை உண்டு. இருவரும் இந்தக் குளிர்ப் பிரதேசத்துக்கு வந்து இது இரண்டாவது குளிர்காலம்தான். அதற்கு முன் இருந்தது நிழலே சுடுகிற ஊர். கல்யாணமான புதிதில், இதே வண்டியில் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போகும்போது, நட்ட நடு வெயிலில் எஞ்சின் கொதித்து ஆவி பீறிட்டது. பின்னால் இன்னொரு வண்டியில் அவளுடைய சொந்தக்காரர்கள். எல்லாரும் இறங்கிச் சுற்றி நின்று, மாப்பிள்ளை என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தார்கள். மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டு, ஒரே ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு, எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தண்ணீர் போகிற வழியிலிருந்த தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எடுத்தார். உள்ளங்கையில் அடங்குகிற பித்தளைச் சாமான். தண்ணீர் சூடானால் திறக்க வேண்டியது, திறக்காமல் அடைத்துக்கொண்டிருந்தது. அது இல்லாமலே மூடியைப் பூட்டி, தண்ணீர் ஊற்றி, வண்டியைக் கிளப்பினார். அன்றிலிருந்து முள் ஏறியதே இல்லை.

இந்தக் கதையை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று கணக்கே கிடையாது. "ஒரே ஸ்பேனர்" என்கிற இடத்தில் விரலைத் தூக்கிக் காட்டுவாள். அந்த வால்வைத் துடைத்து எடுத்து வந்து, வீடு மாறும்போதெல்லாம் கூடவே கொண்டுபோய், சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் மெடல் மாதிரி வைத்திருந்தாள். அந்த ஊரில் அவருக்குப் பேரே அதனால்தான் வந்தது. கொதிக்கிற வண்டி எது வந்தாலும் வால்வைக் கழற்றி எறிவார். வண்டிக்காரர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். சூடுதான் எஞ்சினுக்கு எமன் என்று அவர் நம்பினார். அவளும் நம்பினாள்.

மறுநாள் காலை வண்டி இறக்கத்தைப் பார்த்து நின்றது. பிரேக்கை விட்டு, உருட்டி, கிளட்சை விட்டாள். யாரும் தள்ளாமலே கிளம்பிவிட்டது. மத்தியானம் ரொட்டி வாங்கப் போனபோது ரொட்டிக்கடைக்காரர் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சிரித்தார்.

"இன்னிக்கு எங்களுக்கு லீவு விட்டுட்டீங்க."

"நாளைக்கு எப்படியோ."

"நாளைக்கு வேலை இருக்கு, நான் சொல்றேன் பாருங்க. இன்னிக்குச் சாயங்காலம் மாவு லாரி வருது. லாரி வந்த மறுநாள்தான் உங்க வண்டி மக்கர் பண்ணும். என் லாரிமேல உங்க வண்டிக்கு என்ன கோபமோ தெரியல."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் ரொட்டியை வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்து, வீட்டு வாசலில் பையோடு நின்றுவிட்டாள்.

மாவு லாரி வந்தால் என்ன ஆகும்? தெருவை அடைத்துக்கொண்டு நின்று மூட்டை இறக்கும். அவள் கீழேயிருந்து வரும்போது, அதைத் தாண்டி மேலே வளைவு வரை போய்த் திரும்பி வர முடியாது. வந்தபடியே, மேட்டைப் பார்த்து நிறுத்திவிடுவாள். லாரி வராத நாளில் மேலே போய்த் திருப்பிக்கொண்டு வந்து இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவாள். இறக்கத்தில் உருட்டினால் எந்த ஓட்டை வண்டியும் கிளம்பும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். அப்படி நிற்கும்போது உருட்டாமல் அவள் ஒரு நாளும் சாவியைப் போட்டுப் பார்த்ததில்லையே?

அன்று மாலை லாரி வந்தது. அவள் வழக்கம்போல மேட்டைப் பார்த்து நிறுத்தவில்லை. லாரி போகும்வரை குழாயடியில் காத்திருந்து, மேலே போய்த் திருப்பி, இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினாள். விடிந்ததும் சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல்லைப் போட்டாள், தவறிக்கூட உருளக் கூடாது. சாவியைத் திருப்பினாள். தொட்டவுடன் எஞ்சின் ஓடியது. ரொட்டிக்கடை வாசலில் தள்ளுவதற்காகச் சட்டைக்கையை மடித்துக்கொண்டு நின்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று மாலை வேண்டுமென்றே வண்டியை மேட்டைப் பார்த்து நிறுத்தினாள். மறுநாள் காலை பானெட்டைத் திறந்து, டீசல் ஃபில்டர் மேலிருக்கும் கைப்பம்பை அழுத்தினாள். தொளதொளவென்று உள்ளே போனது. டீசல் இருந்தால் அது கெட்டியாக இருக்கும், இது காற்று. கை வலிக்கும்வரை அழுத்தினாள். மெல்ல மெல்லக் கெட்டியானது. போய்ச் சாவியைத் திருப்பினாள். ஓடியது.

கம்ப்ரஷனும் இல்லை, ஒன்றும் இல்லை. மேட்டைப் பார்த்து நின்றால் டீசல் முழுக்கப் பின்னால் டாங்குக்கே வடிந்துபோகிறது. எங்கேயோ காற்று நுழைகிறது.

அப்படியானால் சூடு ஏறாதது ஏன்? ஆஸ்பத்திரியில் நர்சுகளை இறக்கிவிட்டுத் திரும்பும் முன் அதையும் பார்த்துவிடுவோம் என்று நினைத்தாள். ரொட்டிக்கடைக்காரரிடம் வாங்கி வைத்திருந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, முன்னால் ரேடியேட்டரை மறைத்துக் கயிற்றால் கட்டினாள். பாதி வழியில் முள் அசைந்தது. இத்தனை வருஷமாக அசையாத முள். பழக்க தோஷத்தில் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. ஓரமாக நிறுத்தினாள். அப்போதுதான் கணுக்காலில் இதமாக ஏதோ பட்டது. ஹீட்டரிலிருந்து வெந்நீர் ஆவி போல வெதுவெதுப்பான காற்று.

ஹீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. எஞ்சினும் நன்றாகத்தான் இருக்கிறது. தண்ணீர்தான் சூடாக நேரமே கொடுக்காமல் ரேடியேட்டருக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. தடுத்து நிறுத்த வேண்டியது அங்கே இல்லை. அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அந்த மலைப்பாதை ஓரத்தில் அவள் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு பக்கம் பொங்கியது. இன்னொரு பக்கம், ஒரே ஸ்பேனர் என்று விரலைத் தூக்கிக் காட்டிய அத்தனை தடவையும் ஞாபகம் வந்தது. ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டதே இப்போது நோய் என்று, அந்த மனுஷரிடமே போய் எப்படிச் சொல்வது? சொல்லாமலும் விட முடியாது. நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

சாயங்காலம் அவர் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு மேஜைக்கு வந்தார். உருளைக்கிழங்கு சூப்பும் ரொட்டியும் முட்டையும் வைத்தாள். அவர் ரொட்டியைப் பிட்டுச் சூப்பில் நனைத்தார். முதலில் டீசல் விஷயத்தைச் சொன்னாள். மாவு லாரி, மேடு, கல், கைப்பம்பு எல்லாம். அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நான் பார்த்தேன்."

"ஷெட்டுல ஒரு நாளும் காத்து பிடிக்கலையே."

"ஷெட்டு சமதரை. ஓடி வந்த சூட்டோட நிக்குது. பக்கத்துல அடுப்பு வேற. அங்க எதுக்குப் பிடிக்கும்? நோயாளியை வீட்ல வந்து பாக்கணும் டாக்டர்."

"கிண்டல் பண்றியா? நான் பாத்த வண்டியில பாதி நீ கண்ணால கண்டிருக்க மாட்டே. என் தொழிலை எனக்கே சொல்லித் தர்றியா?"

"ஆமாம், சொல்லித் தர்றேன்," என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. "நீங்க வண்டியைத் திறந்து பாக்கறீங்க. நான் அதுக்குள்ள உக்காந்து ஓட்டறேன். உங்களுக்கு ஸ்க்ரூடிரைவர்னா எனக்கு இந்தக் காலும் கையும். அந்தப் பொண்ணுங்க பல்லு தந்தியடிக்க வர்றதை நான்தான் தினமும் கேக்கறேன். நீங்க ஜன்னல்ல நின்னு பாக்கறீங்க."

ஜன்னல் என்றதும் அவர் முகம் சுண்டிப்போனது. அவளுக்கும் சுருக்கென்றது. ஆனால் பாதியில் நிறுத்தினால் இன்னொரு நாள் சொல்லத் தைரியம் வராது. எழுந்து போய் அலமாரியிலிருந்து வால்வை எடுத்து, அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அட்டை கட்டியதையும் முள் ஏறியதையும் சொன்னாள்.

அவர் அதைப் பார்த்தார். கையில் எடுத்தார். கட்டைவிரலால் பித்தளையைத் தேய்த்தார். சூப் ஆறிக்கொண்டிருந்தது.

"அங்க ஒண்ணும் இல்ல," என்றார் கடைசியில். "நான்தானே எடுத்தேன். வெறும் ஓட்டைதான் இருக்கு."

"தெரியும்."

"இங்க வந்தப்பவே போட்டிருக்கணும். தோணவே இல்ல. முள்ளு கீழ இருக்கறதைப் பாத்துப் பாத்துச் சந்தோஷப்பட்டுக்கிட்டு..."

"நானும்தான். ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது நான்."

அவர் ஆறிய சூப்பை அப்படியே குடித்துவிட்டு எழுந்தார். கோபமா வருத்தமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த முகத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்கவா முடியும்?

சனிக்கிழமை அவள் திரும்பி வந்ததும், ஷெட்டுக்கு வேண்டாம், வீட்டு வாசலிலேயே மேட்டைப் பார்த்து நிறுத்து என்று ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். அவரே பெட்டியோடு மேலே வந்தார். ஃபில்டருக்கு முன்னால் டீசல் குழாயை வெட்டி, உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை இடையில் சொருகினார். வண்டியை ஓடவிட்டு அணைத்தார். இருவரும் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு குழாய்க்குள் ஒரு குமிழ் நகர்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் வரிசையாக.

"அதோ," என்றாள் அவள், குழந்தையின் முதல் பல்லைப் பார்த்தவள் போல.

அவர் விரலால் தடவிக்கொண்டே போய், டாங்கிலிருந்து வருகிற குழாய் ரப்பரோடு சேருகிற இடத்தில் நிறுத்தினார். ரப்பரை வளைத்துக் காட்டினார். குளிரில் இறுகி, முடி அளவுக்கு ஒரு வெடிப்பு. ஷெட்டுச் சூட்டில் ரப்பர் இளகி அதுவே மூடிக்கொண்டுவிடும். அந்தத் துண்டை வெட்டி எறிந்து புதுசு போட்டுக் கிளிப்பை இறுக்கினார். வேலை முடிய டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

பிறகு சட்டைப் பையிலிருந்து புது வால்வு ஒன்றை எடுத்தார். காலையிலேயே கடை திறக்கும்வரை வாசலில் நின்று வாங்கி வந்திருக்கிறார்.

"ஒரு பாத்திரத்துல தண்ணி வை," என்றார். "பழசையும் எடு."

"அதை எதுக்கு?"

"வையேன்."

சமையலறையில், தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இரண்டு வால்வுகளையும் நூலில் கட்டித் தொங்கவிட்டார். அவளுக்கு இப்போது புரிந்தது. புதுசைச் சோதிப்பது ஒரு சாக்கு. அன்றைக்குச் சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க அவர் கழற்றி எடுத்தது உண்மையிலேயே கெட்டுப்போன வால்வுதானா, இல்லை கோளாறு வேறெங்கோ இருந்ததா என்று அவருக்குத் தெரிய வேண்டும். பழசு திறந்துகொண்டால், அன்று செய்ததும் தப்பு. அந்தக் கதையே போய்விடும்.

அவள் அடுப்பைக் குறைத்து வைக்கலாமா என்றுகூட நினைத்தாள். தண்ணீர் அடியில் பொரிந்தது. ஆவி எழுந்தது. இருவரும் தோள் இடிக்கக் குனிந்து பார்த்தார்கள். புது வால்வு மெதுவாக வாயைத் திறந்தது. முழுசாகத் திறந்துகொண்டது. பழசு அப்படியே இருந்தது. தண்ணீர் தளதளவென்று கொதித்து, பாத்திரத்தின் பக்கங்களில் வால்வுகள் மோதி டங் டங்கென்று அடித்தன. பழசு அசைவேனா என்றது.

"திறக்கல," என்றாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இரு."

"தண்ணி வத்திடும் போல. திறக்கலைங்க. அன்னிக்கு நீங்க செஞ்சது சரிதான்."

அவர் மூச்சை விட்டார். எவ்வளவு நேரமாகப் பிடித்துக்கொண்டிருந்தாரோ. "அப்புறம் வேற ஒண்ணு போடாம விட்டது?"

"அது தப்புதான்," என்றாள் சற்றும் தயங்காமல்.

அவர் சிரித்துவிட்டார். கரண்டியால் இரண்டையும் எடுத்தார். புதுசைக் கொண்டுபோய் வண்டியில் மாட்டினார். பழசை அவள் துடைத்து, உப்பு ஜாடிக்குப் பக்கத்திலேயே திரும்ப வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மாவு லாரி வந்தது. வழக்கமாக வருகிற நாளில்லை, ஆனாலும் வந்தது. அவள் காத்திருக்கவில்லை. மேட்டைப் பார்த்தே நிறுத்திவிட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கப் போனாள்.

திங்கட்கிழமை அந்தக் குளிர்காலத்தின் கடும் பனி. கண்ணாடியில் உறைந்ததை அவள் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே மூவரும் வந்துவிட்டார்கள். வீட்டுக் கதவு திறந்தது. டாக்டர் வெளியே வந்து, வாசற்படியில், எல்லாரும் பார்க்க, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜன்னலில் யாரும் இல்லை.

"பிரேக்கை விடுங்க டிரைவரம்மா," என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணே."

விளக்கு அணைந்தது. சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரு சுற்றுகூட முழுசாகச் சுற்றியிருக்காது. பிடித்துக்கொண்டு, கணகணவென்று ஓட ஆரம்பித்தது. தள்ளுவதற்காக முன்னால் நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் வாட்ச்மேன் தட்டிக்கொண்டார். அவர் தட்டியதும் மற்ற இருவரும் தட்டினார்கள்.

குடியிருப்பு வாசலில் நர்சுகள் இன்னும் வெளியே வந்திருக்கவில்லை. அவள்தான் காத்திருந்தாள். மூன்றாவது வளைவு தாண்டும்போது முள் மெல்லக் கிளம்பி, ஏறி, நடுவில் வந்து நின்றது. அங்கேயே நின்றது. கால் பிரேக்குக்குப் போகவில்லை. கண்ணாடியில் ஆவி இல்லாததால் குட்டி சிஸ்டருக்குத் துடைக்கிற வேலை போயிற்று. அவள் பெரிய சிஸ்டர் தோளில் சாய்கிற அளவுக்கு முன்னால் குனிந்து ஹீட்டருக்கு நேராகக் கையை நீட்டினாள்.

"அக்கா, இது நம்ம வண்டிதானா?"

பெரிய சிஸ்டர் முதலில் ஒரு கையுறையைக் கழற்றினார். அப்புறம் இன்னொன்று. இரண்டையும் மடித்துப் பைக்குள் போட்டார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, "நாளைக்கும் இதே நேரம் வந்துடு," என்றார். வேன்காரர் பேச்சே வரவில்லை. டிரைவரம்மாவுக்குக் கண் கலங்கியது. கண்ணாடி கலங்கவில்லை, அதுபோதும் என்று துடைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினாள்.

ஷெட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு பழைய டீசல் ஜீப் நின்றது. ஜீப்காரர் டாக்டரிடம் கையை ஆட்டி ஆட்டிப் புலம்பிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் மாத்திட்டேன் டாக்டர். பேட்டரி மாத்தியாச்சு, பிளக் மாத்தியாச்சு. சில நாள் கிளம்புது, சில நாள் கிளம்ப மாட்டேங்குது. உங்க வண்டியும் இப்படித்தான் இருந்துச்சாமே? யார் சரி பண்ணினாங்க?"

டாக்டர் ஸ்க்ரூடிரைவரைத் துணியில் துடைத்தார். ரொம்ப நிதானமாகத் துடைத்தார்.

"முன்னாடி ஒரு தடவை நான் சரி பண்ணினேன். ஒரே ஸ்பேனர்," என்று விரலைத் தூக்கிக் காட்டினார். "இந்தத் தடவை என் பொண்டாட்டி பண்ணினா. ஸ்பேனரே இல்லாம." பிறகு அவள் பக்கம் திரும்பினார். குரலில் அப்படி ஒரு கர்வம், அவருடைய சொந்தத் திறமைக்குக்கூட அவர் அவ்வளவு கர்வப்பட்டு அவள் பார்த்ததில்லை. "ஏம்மா, இவர் வண்டியைக் கொஞ்சம் பாரேன்."

ஜீப்காரர் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் கதவைச் சாத்திவிட்டு இறங்கி வந்தாள். பானெட்டைத் திறக்கவில்லை. ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கத் தயாராக நின்றார்.

"உங்க வீடு மேட்டுலயா, சமதரையிலயா?" என்று கேட்டாள் அவள். "ராத்திரி வண்டியை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தறீங்க?"